நின்ற இடத்தில் ஓடிய வண்டி

எங்கள் கார் ஓடினால் சூடாவதில்லை, நின்றால்தான் சூடாகிறது. இதை இலுப்பூரில் மெக்கானிக்கிடம் சொன்னபோது அவர் திருப்பிக் கேட்டது நியாயமான கேள்வி.

"நின்னா ஆஃப் பண்ணிற வேண்டியதுதான சார்?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் என் அம்மாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பட்டறை வாசலில் நின்றுகொண்டு அம்மாவிலிருந்து ஆரம்பிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. "டிராஃபிக்ல நிக்கும்போது ஏறுதுங்க" என்று சொல்லிவைத்தேன். இலுப்பூரில் டிராஃபிக் என்று ஒருவன் சொன்னதும் அவர் எட்டிக் கடைவீதியைப் பார்த்தார். ஒரு மாடு குறுக்கே போய்க்கொண்டிருந்தது, அதுவும் அவசரமில்லாமல்.

அம்மாவை நேரில் ஆத்தா என்றுதான் கூப்பிடுவேன். எழுத உட்கார்ந்தால் கை தானாக அம்மா என்று எழுதிவிடுகிறது. படித்ததன் பலன்களில் இதுவும் ஒன்று. அம்மாவுக்குச் சில வருடங்களாக மறதி. முதலில் கண்ணாடியை வைத்த இடத்தை மறந்தாள், பிறகு அடுப்பை அணைக்க மறந்தாள், பிறகு அப்பா இறந்துபோனதை மறந்தாள். அதை மட்டும் ஞாபகப்படுத்த வேண்டாம் என்று திருச்சி டாக்டர் சொன்னார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவளுக்கு அது புதுச் சாவு.

பகலெல்லாம் சும்மா இருப்பாள். வெயில் தாழ்ந்து நான் ஆபீஸ் விட்டு வருகிற நேரத்தில் ஆரம்பிக்கும். மஞ்சள் பையில் ஒரு சேலையும் ஒரு சீப்பும் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வந்து நின்றுவிடுவாள்.

"வீட்டுக்குப் போகணும்டா."

"இதுதான் ஆத்தா வீடு."

"இது ஒன் வீடு. நான் எங்க வீட்டுக்குப் போகணும். எங்கய்யா தேடும்."

அவளுடைய அய்யா, என் தாத்தா, நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். கேட்டைப் பூட்டினால் அதைப் பிடித்து உலுக்குவாள். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு, "இந்த ஆளு என்னைய அடச்சு வச்சிருக்கான், யாராச்சும் எங்க வீட்டுல போயிச் சொல்லுங்க" என்பாள். தெருவில் எனக்கு ஓரளவு நல்ல பெயர் உண்டு. அதை ஒரு மாதத்தில் அம்மா தீர்த்துவைத்தாள்.

என் மனைவிதான் சொன்னாள். "ஒரு தடவ கூட்டிட்டுப் போயிக் காட்டிட்டு வாங்களேன். பாத்துட்டா மனசு ஆறிடும்."

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். அம்மா பிறந்த ஊர் திருவரங்குளத்தைத் தாண்டிப் போகிற ஒரு கிளைச் சாலையில் இருக்கிறது. அன்னவாசல், புதுக்கோட்டை என்று ஊர்கள் வந்தபோதெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாளே தவிர வாயைத் திறக்கவில்லை. கிளைச் சாலையில் திரும்பியதும் தாரின் மேல் முழு அகலத்துக்கும் கொள்ளுச் செடி பரப்பியிருந்தார்கள். அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கம் இது வழக்கம். களம் தேடிப் போவதைவிட ரோட்டில் காயப்போட்டால் போகிற வருகிற வண்டிகளே மிதித்துக் கொடுத்துவிடும். ஓரத்தில் இரண்டு பெண்கள் கம்போடு நின்றார்கள். நான் படித்தவன் என்பதால் ஓரமாக இறக்கி ஒதுங்கிப் போகப் பார்த்தேன்.

"ஏண்டா ஒதுங்குற?" என்றாள் அம்மா. "மேல ஏத்து. மெதுவா. வேகமாப் போனா செதறிப் போகும்."

அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. ஏற்றினேன். காய்ந்த கொடி நொறுங்குகிற சத்தம் காருக்கு அடியிலிருந்து வந்தது.

"பின்னாடி எடு. அந்த ஓரம் இன்னும் மிதிபடல பாரு."

பின்னால் எடுத்தேன். மறுபடி முன்னால். அம்மா ஜன்னலை இறக்கச் சொல்லித் தலையை வெளியே நீட்டி, எந்தப் பக்கம் செடி தடிமனாகக் கிடக்கிறது என்று பார்த்துப் பார்த்துச் சொன்னாள். அந்தப் பெண்களில் ஒருத்திக்குச் சங்கடமாகிவிட்டது.

"போதும் ஆத்தா. ஒங்களுக்கு நேரமாகலயா?"

"எங்களுக்கு என்ன வேல. மிதிச்சுக் குடுத்துட்டுத்தான் போறது. நீ பெரட்டிப் போடு, இவன் இன்னொரு தடவ வரட்டும்."

அவள் பெரட்டிப் போட்டாள். நான் இன்னொரு தடவை வந்தேன். அப்புறமும் வந்தேன். அரசாங்கத்தில் இத்தனை வருடம் வேலை பார்த்தும் ஒருவருக்கும் இவ்வளவு உபயோகமாக நான் இருந்ததில்லை. கிளம்பும்போது அம்மா என் தோளைத் தட்டினாள். "ஒனக்கு ஓட்டத் தெரியுது" என்றாள்.

ஊருக்குள் போனோம். அம்மாவின் வீடு இருந்த இடத்தில் மாமன் மகன் கட்டிய மாடி வீடு நிற்கிறது. சிங்கப்பூர்ச் சம்பாத்தியம், பச்சை நிறம். அவன் மனைவி வாசலுக்கு ஓடிவந்து, "வாங்க அத்த, வாங்க வாங்க" என்று கையைப் பிடித்தாள். அம்மா காரை விட்டு இறங்கவில்லை.

"இது யாரு வீடுடா? ஏன் என்னைய இங்க கொண்டாந்து எறக்குற?"

"இதான் ஆத்தா நம்ம வீடு. ஒங்க வீடு."

"எங்க வீடு எனக்குத் தெரியாதா?"

திரும்பி வருகிற வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். சத்தமில்லாத அழுகை. மாமன் மகன் வீட்டில் கொடுத்துவிட்ட பலகாரப் பை அவள் மடியிலேயே இருந்தது.

மறுநாள் சாயங்காலம் பையோடு கேட்டில் நின்றாள். பேசாமல் காரில் உட்கார வைத்தேன்; சும்மா ஊரைச் சுற்றிக் கொண்டுவரலாம் என்று நினைப்பு. ஸ்டார்ட் பண்ணி ஏசியைப் போட்டதும் மேலதிகாரி போனில் வந்துவிட்டார். அவருக்கு ஒன்றைச் சொல்வதற்கு மூன்று விதமாகச் சொல்லவேண்டும். வேப்பமரத்தடியில் எங்கள் வீட்டு மதில் சுவரைப் பார்த்தபடி கார் நின்ற இடத்திலேயே இரைந்துகொண்டிருந்தது. நான் போனை வைத்துவிட்டு, திட்டு விழப் போகிறது என்று பயந்து திரும்பினேன். அம்மா சீட்டில் சாய்ந்து நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

"நல்லா ஓட்டுற. குலுங்கவே இல்ல" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் போக ஆரம்பித்தோம். அதாவது, போகாமல் இருக்க ஆரம்பித்தோம். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஊர்களை அறிவித்துக்கொண்டு வருவேன். "அன்னவாசல் தாண்டிட்டோம் ஆத்தா." "ரயில்வே கேட்டு போட்ருக்கான், கொஞ்சம் பொறு." மதில் சுவரைப் பார்த்தபடி அம்மா தலையாட்டுவாள். ஒருநாள் கற்பனை வற்றிப்போய், "விராலிமலை வந்துருச்சு, மயில் நிக்குது பாரு" என்றேன்.

"விராலிமல எதிர்த் தெசையில்ல இருக்கு? எங்கடா போற?"

பெற்ற பிள்ளையின் பெயர் அவளுக்கு நினைவில்லை, திசை தப்பவில்லை. வண்டியைத் திருப்புவதாகச் சொல்லி ஸ்டியரிங்கை ஒரு சுற்றுச் சுற்றினேன்.

முக்கால் மணி, ஒரு மணி நேரம் போனால் என் மனைவி உள்ளேயிருந்து காப்பியோடு வந்து ஜன்னலைத் தட்டுவாள். அதுதான் வழியில் நிற்கிற கடை. அம்மா குடித்துவிட்டு, "சீனி அள்ளிக் கொட்டிருக்கா" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லுவாள். பிறகு கைகால் கழுவ இறங்குவாள். இறங்கி உள்ளே போனால் சோறு, மாத்திரை, தூக்கம். எங்கே கிளம்பினோம் என்பது அதற்குள் போய்விட்டிருக்கும்.

"என்னைய டீக்கடைக்காரி ஆக்கிட்டீங்க" என்பாள் மனைவி. "அதுவும் காசு குடுக்காத கிராக்கி."

ஆனால் அந்த ஒரு மணி நேரம் முழுசாக வேண்டும். பாதியில் நிறுத்தினால் அவளுக்கு ஊர் வந்துவிட்டதாக அர்த்தம். இறங்கிப் பார்ப்பாள், அதே வீடு நிற்கும். அப்புறம் பழையபடி கேட்டில் உலுக்கல், அழுகை.

பங்குனியில் ஒருநாள் அன்னவாசல் தாண்டுவதற்குள் டெம்பரேச்சர் முள் பாதியைக் கடந்து மேலே போயிற்று. சிவப்புக் கோட்டைத் தொடப் போகிற நேரத்தில் அணைத்துவிட்டேன்.

"வந்திருச்சா?" என்று கேட்டு அம்மா கதவைத் திறந்தாள்.

அந்த வாரத்தில்தான் மெக்கானிக்கிடம் போனேன். அவரும் என் வயதுக்காரர். சந்தேகம் என்பதே வராத மனிதர். கூலன்ட் குறைந்திருக்கிறது என்று ஊற்றினார். ரேடியேட்டர் மூடி சரியில்லை என்று மாற்றினார். பிறகு, தண்ணீர் ஓட்டத்தை அடக்கித் திறந்துவிடுகிற வால்வைக் கழற்றிக் கையில் வைத்துக் காட்டி, "நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் தேவையே இல்ல சார்" என்று பெஞ்சியில் போட்டார். பானெட்டைத் திறந்து ஏசியைப் போட்டுப் பார்த்தோம். உள்ளே ஃபேன் சுற்றுகிற சத்தம் நன்றாகக் கேட்டது. விராலிமலை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தார். முள் அசையவில்லை.

"வண்டி கல்லு மாதிரி இருக்கு சார்."

அன்று சாயங்காலம் வேப்பமரத்தடியில் மறுபடி முள் ஏறியது. மறுபடி போனேன்.

"எங்க வச்சு ஏறுது?"

"வீட்டு வாசல்ல."

"வீட்டுக்கு வந்து சேரும்போதா?"

"இல்லைங்க. கிளம்பாம இருக்கும்போது."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏசியப் போட்டு உள்ள தூங்குறீங்களா சார்? வீட்டுல எதும் சண்டையா?"

இனி மறைத்துப் பயனில்லை. அம்மாவிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். சாயங்காலம் அவராகவே பைக்கில் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அம்மா முன் சீட்டில் பையோடு உட்கார்ந்திருக்க, நான் ஸ்டியரிங்கில் இருக்க, அவர் பானெட்டைத் தூக்கிவிட்டார். கண்ணாடி முழுக்க மறைந்துபோனது.

"என்னடா மறிச்சிட்டான்?"

நான் பதில் தேடுவதற்குள் பானெட்டுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. "செக்கிங் ஆத்தா. எலக்சன் வருதுல்ல. ரெண்டு நிமிசம்."

"எங்கிட்ட ஒண்ணும் இல்ல. ஒரு சேலதான் இருக்கு" என்று அம்மா பையை விரித்துக் காட்டினாள்.

முள் ஏற ஆரம்பித்ததும் என்னைக் கூப்பிட்டார். இறங்கிப் போய்ப் பார்த்தேன். உள்ளே ஃபேன் ஒன்றல்ல, இரண்டு. ஏசிக்கு உள்ளது சுற்றிக்கொண்டிருந்தது. ரேடியேட்டருக்கு உள்ளது அப்படியே நின்றது. இத்தனை நாளும் நாங்கள் இருவரும் ஒன்றின் சத்தத்தைக் கேட்டு இரண்டையும் நம்பியிருந்தோம்.

"ஓடுற வண்டிக்கு எதுத்த காத்தே போதும் சார். நிக்கிற வண்டிக்கு இந்த ஃபேன்தான் காத்து. நான் ஓட்டி ஓட்டிப் பாத்தா எப்படித் தெரியும்" என்றார். தன்னைத்தானே மன்னித்துவிட்ட தொனி.

இன்ஜினை அணைக்கச் சொல்லி, உள்ளே கையை விட்டு ஃபேனைத் திருப்பிப் பார்த்தார். அசையவில்லை. டார்ச் அடித்தார். பிறகு மூக்குக் குறடால் எதையோ பிடித்து இழுத்தார். நார் மாதிரி ஒன்று நீளமாக வந்தது. இன்னும் இழுத்தார், இன்னும் வந்தது. கரிந்து, கயிறாக முறுகி, மோட்டார் தண்டைச் சுற்றி நாளுக்கு நாள் இறுகிப்போன கொடி. அதில் ஒன்றிரண்டு நெற்று வெடிக்காமல் ஒட்டிக்கொண்டிருந்தன. அடியில் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் தகடு எப்போதோ கழன்று போயிருந்ததால் தாராளமாக உள்ளே ஏறியிருக்கிறது.

"கொள்ளுச் செடி சார். மேல ஏத்துனீங்களா?"

"ஏத்துனேன்."

"ஒரு தடவ ஏத்துனா இம்புட்டு வராதே."

நான் காருக்குள் பார்த்தேன். அம்மா பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "தெரியாமப் போயிட்டேங்க" என்றேன்.

மோட்டார் உள்ளே எரிந்துவிட்டது, திருச்சியிலிருந்து வேறு வரவேண்டும், அதுவரை நிறுத்தி வைத்து ஓடவிட்டாலும், ஓட்டிப் போகிற வழியில் எங்கேயாவது நிற்க நேர்ந்தாலும் இன்ஜினே போய்விடும் என்றார். திருச்சிக் கடையில் அடுத்த நாளே வந்துவிடும் என்றார்கள். அடுத்த நாள் கேட்டால் ஸ்டாக் இல்லை, மதுரையிலிருந்து வரவேண்டும் என்றார்கள்.

முதல் சாயங்காலம் அணைந்த காரில் உட்கார்ந்தோம். "பெட்ரோல் போடுறாங்க ஆத்தா" என்றேன். பெட்ரோல் எவ்வளவு நேரம்தான் போடுவார்கள்? அடுத்த நாள் எதிர் வீட்டுக்காரரின் காரை இரவல் கேட்டேன். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். எங்கேயும் இல்லை என்றேன். சாவியைக் கொடுத்தவர் கொடுத்த கையைச் சிறிது நேரம் நீட்டியபடியே நின்றார். அம்மா அதில் ஏறவில்லை. "இது நம்ம வண்டி இல்ல. இவன் யாரு வண்டியவோ எடுத்தாந்திருக்கான்" என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். அதற்கும் அடுத்த நாள், வேறு வழியில்லாமல், எங்கள் காரிலேயே உட்கார்ந்து உதட்டைக் குவித்து இன்ஜின் சத்தம் போட்டேன். ஐம்பதைத் தாண்டியவன், தலைக்குச் சாயம் அடித்தவன். வளைவில் கியரைக்கூட மாற்றினேன்.

அம்மா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, "என்னடா, வாயாலயே ஓட்டுற" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் இறங்கி, கேட்டுக்குப் போய் நின்றுகொண்டாள். இருட்டிய பிறகுதான் உள்ளே கொண்டுவர முடிந்தது.

அந்த வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம் நான் வந்தபோது கேட்டில் யாரும் இல்லை. அம்மா உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. காப்பி குடித்தேன், பேப்பர் படித்தேன். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் மனைவி அடுக்களையிலிருந்து வந்து மெதுவாகச் சொன்னாள்.

"பை ஆணியிலயே தொங்குதுங்க. அத்தை அத எடுக்கவே இல்ல."

"நல்லதுதான?"

"நல்லதாங்க?" என்றாள். எப்போதும் கேலியாகக் கேட்கிறவள். அன்று அவளுக்கு நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

டாக்டருக்குப் போன் செய்தேன். அடுத்த கட்டம் அப்படித்தான் இருக்கும் என்றார். கேட்பது நின்றுபோகும், சாப்பிடுவது குறையும், ஆள் அடையாளம் போகும். போகணும் என்று கேட்கிறவரைக்கும் உள்ளே ஒரு ஆள் இருந்து கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல டாக்டர். இவ்வளவு நன்றாகச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அடுத்த நாளே மோட்டார் வந்துவிட்டது. மெக்கானிக் மாட்டிவிட்டு, பெஞ்சியில் போட்டிருந்த வால்வையும் தேடியெடுத்துப் பழையபடி பொருத்தினார். அது ஏன் இப்போது தேவைப்படுகிறது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பட்டறை வாசலில் காரை நிறுத்தி ஓடவிட்டு, இரண்டு பேரும் ஸ்டூல் போட்டு முன்னால் உட்கார்ந்தோம். சூடு ஏறியதும் ஃபேன் தானாகச் சுற்றியது, தணிந்ததும் தானாக நின்றது. முள் நட்ட நடுவில் நின்றது.

"இனிமே நிறுத்தி வச்சே கன்னியாகுமரி வரைக்கும் போகலாம் சார்" என்றார். பிறகு, "ஆத்தாவ நான் கேட்டேன்னு சொல்லுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். அணைக்கவில்லை. ஆணியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன்.

"ஆத்தா, வா. வீட்டுக்குப் போவோம்."

என் முகத்தைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். எழுந்து என்னோடு வாசல்வரை வந்தாள். கார் நின்று இரைந்துகொண்டிருந்தது.

"வண்டி வந்திருச்சா?" என்றாள்.

"வந்திருச்சு ஆத்தா. ஏறு. பொழுதோட போயிருவோம். ஒங்கய்யா தேடும்ல."

அவளுக்காக நான் சொன்ன அந்த வார்த்தை அவளிடம் எங்கேயும் போய் விழவில்லை. வாடகை வண்டிக்காரரைப் பார்க்கிற மரியாதையோடு என்னைப் பார்த்தாள்.

"நான் எங்கயும் வரலங்க தம்பி. நீங்க கெளம்புங்க. ஒங்க வீட்டுல தேடுவாக."

"ஆத்தா…"

"சாப்டீங்களா? ஏத்தா, வண்டிக்காரத் தம்பிக்குத் தண்ணி குடு" என்று உள்ளே பார்த்து என் மனைவியிடம் சொன்னாள். மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். என் கண்ணைப் பார்க்கவில்லை. குடித்தேன்.

"பாத்துப் போங்க. ரோட்டுல மாடு கீடு நிக்கும்."

நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் பக்கம் வழியனுப்புகிறவர்கள், வண்டி தெருமுக்குத் திரும்புகிறவரைக்கும் உள்ளே போகமாட்டார்கள். போனால் வந்தவரை மதிக்கவில்லை என்று ஆகிவிடும். அம்மாவுக்கு மற்றதெல்லாம் போய்விட்டாலும் அது போகவில்லை. முட்டி வலிக்காரி, காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றாள். நான் கிளம்பாவிட்டால் அவள் உட்காரப் போவதில்லை.

ஏறி, கேட்டைத் தாண்டி, தெருவில் ஓட்டினேன். கண்ணாடியில் பார்த்தபோது கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். முக்குத் திரும்பி, ரேஷன் கடைக்குப் பக்கத்தில் ஓரமாக நிறுத்தினேன். மூடிய கடையின் படியில் ஒரு நாய் படுத்திருந்தது. இன்ஜினை அணைக்கத் தோன்றவில்லை. ஃபேன் கொஞ்ச நேரம் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. முள் இருந்த இடத்திலேயே இருந்தது.

அம்மா உள்ளே போயிருப்பாள். என்னை வழியனுப்பி வைத்த வீட்டுக்கு எவ்வளவு நேரம் கழித்துத் திரும்பிப் போனால் முறையாக இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.